பழைய புல்லட்டும் மலைப்பாதையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 20 இருக்கின்றன. ஏறுகையில் வண்டியின் இயந்திரம் சோதிக்கப்படுகிறது. இறங்குகையில் பிரேக் சோதிக்கப்படுகிறது. பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்க விரும்பும் அன்பர்கள் இவ்விரண்டில் பின்னதையே முதலில் கவனிக்க வேண்டும். வாழவந்தியில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய புல்லட்டைப் பிரித்துப் பூட்டியபோது நான் அவ்வாறு செய்யவில்லை. அதன் விளைவைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

அந்த வண்டி என் தந்தையார் 1968ஆம் ஆண்டில் வாங்கியது. புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் படைப்பு. அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா என்னும் கம்பெனியை அமைத்தன. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலேயே பாகங்களையும் செய்யத் தலைப்பட்டார்கள். 1970இல் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ அதே வார்ப்பிரும்பு இயந்திரம், பெரிய மாறுதல் இன்றி, இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு வரை தொடர்ந்தது. தாய்வீட்டில் மறைந்த பொருள் புகுந்த வீட்டில் தழைத்தது எனலாம். இதனால் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. பழைய புல்லட்டுக்கு வேண்டிய உதிரிப் பாகம் பெரும்பாலும் கிடைத்துவிடும். புதிதாகக் கிடைக்காததைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடி எடுக்கலாம்.

பிரிக்கும் வேலை எளிது. பிரித்ததை நினைவில் வைப்பதுதான் அரிது. கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதற்குரிய டப்பாவில் இட்டு, மேலே சீட்டு ஒட்டி, கம்பி இணைப்புகளை ஒரு நோட்டில் படமாக வரைந்துகொண்டேன். ஆசிரியத் தொழிலில் ஏற்பட்ட இப்பழக்கம் இங்கே கைகொடுத்தது. சிலிண்டரைக் கடைந்து அளவு கூடிய பிஸ்டன் பொருத்துவது வீட்டு வேலை அன்று. அதைச் சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் செய்வித்தேன். டேப்பெட்டைச் சரிசெய்வதும், பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைப்பதும் நாமே செய்யத்தக்கவை. டேப்பெட்டுக்கு அளவுகோல்கூட வேண்டுவதில்லை. இயந்திரம் குளிர்ந்திருக்கையில், இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில், தள்ளுகோலை விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடுதல் கூடாது.

மலையில் வாழ்வோருக்குக் கார்புரேட்டரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏற்காடு கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்குச் சுமார் 14 பங்கு குறைவு. காற்று குறைய, பெட்ரோலின் விகிதம் கூடிவிடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி அப்பியிருக்கும். துளை சற்றுச் சிறிய ஜெட்டைப் போட்டால் குறை நீங்கும். ஆனால் அந்த ஜெட்டோடு சமவெளியில் நெடுந்தூரம் விரைந்து ஓட்டினால் இயந்திரம் சூடேறிக் கெடும். அடிக்கடி சேலத்துக்கு இறங்குவோர் ஜெட்டை மாற்றாமல், கரியைத் துடைத்துக்கொண்டிருப்பதே மேல்.

இனிப் பிரேக். வண்டிக்குக் கறுப்பு வர்ணம் பூசி, மெருகேற்றி, அழகு பார்ப்பதில் நான் இரண்டு மாதங்களைச் செலவிட்டேன். சக்கரத்தின் குடத்துக்குள் பேரிங்குக்குக் கிரீஸ் இடுகையில், நிறைய இட்டால் நல்லது என்று எண்ணித் தாராளமாக அடைத்துவிட்டேன். தட்டைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன், குறை தெரியவில்லை. மறுநாள் சேலத்துக்கு இறங்கும்போது டிரம் சூடேறிற்று. கிரீஸ் உருகிக் கசிந்து பிரேக் ஷூவின் மேல் படிந்தது. நாலாவது வளைவுக்குள் பின் பிரேக் முற்றிலும் வழுக்கிவிட்டது. முன் பிரேக் தனித்து அந்தக் கனத்தைத் தாங்கவில்லை. முதல் கியருக்கு இறக்கி, மலைப்பக்கத்து வடிகாலில் வண்டியைச் சாய்த்தேன். முழங்கை தேய்ந்தது, பூசிய வர்ணமும் போயிற்று. மற்றப் பக்கம் பள்ளம். கிரீஸ் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் பயன்படுத்தலாம் என்பார்கள், கேளாதீர்கள். சூடு ஏறினால் உள்ளிருக்கும் பிசுக்கு மீண்டும் வெளிப்படும். புது ஷூவே போட வேண்டும்.

விருப்பப்படி மாற்றியமைத்தலைப் பற்றி இளைஞர்கள் ஆவலோடு கேட்கிறார்கள். நான் செய்த மாறுதல் ஒன்றே: கியர்ப்பெட்டியின் பல்சக்கரத்தை ஒரு பல் குறைந்ததாக மாற்றினேன். ஏற்றத்தில் இழுவை கூடிற்று. இறக்கத்தில் இயந்திரமே வண்டியை நன்கு பிடித்து நிறுத்துகிறது. சமவெளியில் இயந்திரம் சற்று அதிகமாகச் சுழல வேண்டியிருப்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை. சைலன்சரை அறுப்பதும் சேசிஸை வெட்டி ஒட்டுவதும் எனக்கு உடன்பாடல்ல, சட்டத்துக்கும் உடன்பாடல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அன்றியும் 2021இல் வந்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். சேசிஸ், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருந்தால் அத்தகுதி போய்விடும்.

என் தம்பி மகனுக்கு இன்னொரு மாறுதலில் விருப்பம். பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இக்கால வண்டிகளில் பழகியவன் அவசரத்தில் வலக்காலை அழுத்தினால், நிற்க வேண்டிய வண்டி மேல் கியருக்குத் தாவும். ஆகவே இரண்டையும் இடம் மாற்றிவிடலாம் என்கிறான். அதற்குரிய இணைப்புக் கம்பிகள் கடையில் கிடைக்கின்றன. ஆயினும் கணுக்கள் கூடக் கூட ஆட்டமும் கூடும். பிரேக்கில் ஆட்டத்தை நான் விரும்பவில்லை. பள்ளி மைதானத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பழகிய பிறகே சாவி தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். கிக்கரை மிதிக்குமுன் அம்மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்க்க வேண்டும் என்பதையே அவன் இன்னும் பழகவில்லை. நேற்று மாலையும் கிக்கர் திருப்பி அடித்து நொண்டிக்கொண்டு வந்தான்.