பரீக்ஷைக்கு ஒரு தனிக் களம்

இன்டர்நெட்டே ஒரு பரீக்ஷையாகப் பிறந்ததுதான். 1969 அக்டோபர் 29-ந் தேதி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்துக்கு 'லாகின்' என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றார்கள். இரண்டெழுத்துப் போனதும் யந்திரம் படுத்துவிட்டது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. 1983 ஜனவரி முதல் தேதி 'ஆர்பாநெட்' என்ற அந்த வலையின் விதிமுறையையே மாற்றினார்கள். அப்போதும் அதிலிருந்தவை சில நூறு கம்ப்யூட்டர்களே.

இன்று அப்படிச் செய்யத் துணிவார் உண்டா? பாங்கும் ஆஸ்பத்திரியும் அதை நம்பி நிற்கின்றனவே! புது யோசனை உடையவர் அதை எங்கே சோதிப்பார்? ஓர் அறைக்குள் நாலு யந்திரங்களை இணைத்தால், கடல் கடந்த தாமதமும் திடீர் நெரிசலும் அங்கே வரா.

இதற்கு 2002-ல் வழி கண்டவர்கள் பிரின்ஸ்டன் ஸர்வகலாசாலைப் பேராசிரியர் லாரி பீட்டர்ஸன் முதலியோர். அவர்களுடைய 'பிளானட்லாப்' ஏற்பாட்டில் சேரும் கலாசாலை இரண்டு கம்ப்யூட்டர்களையாவது கொடுக்க வேண்டியிருந்தது. பதிலுக்கு, உலகெங்குமுள்ள மற்ற யந்திரங்களில் அதற்குப் பங்கு கிடைத்தது. ஊர்ப் பொதுக் களத்தில் போரடிப்பது போல என்று வகுப்பில் சொல்வோம். ஆனால் இங்கே முறை வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் நெல் மற்றவர் நெல்லோடு கலப்பதுமில்லை. யந்திரங்களின் தொகை நாளடைவில் ஆயிரத்தைத் தாண்டிற்று.

ஆயினும் அவை பேசிக்கொண்டது பழைய இன்டர்நெட்டின் வழியேதான். அஸ்திவாரத்தையே மாற்றிப் பார்க்க விரும்பியவர்களுக்கு அது போதவில்லை. அமெரிக்க தேசீய விஞ்ஞான நிறுவனத்தின் பொருளுதவியுடன் எழுந்த 'ஜெனி' பாதைகளையும் பங்கிட்டுக் கொடுத்தது. பழைய விதியை அடியோடு விட்டுவிட்டும் அவற்றில் செய்தி அனுப்பிப் பார்க்க முடிந்தது. பிளானட்லாப் 2020-ல் மூடப்பட்டது. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுவதோ இன்னும் 1983-ம் வருஷத்து விதியின் வம்சமே.