டாக்டர் ஏன் உங்ககிட்ட பேஷண்ட்டை அனுப்பணும்?

பிசியோ நண்பர்களும் ஜிம் டிரெய்னர்களும் தொடர்ந்து கேட்கிற கேள்வி இது: "டாக்டர்கள்கிட்டேருந்து ரெஃபரல் வர என்ன செய்யணும்?"

மதுரையில் பிசியோ கிளினிக் தொடங்கின புதிதில் நானும் விசிட்டிங் கார்டு, தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். கார்டு டிராயருக்குள் போனதோடு சரி. ஓர் இடத்தில் நேராகவே கேட்டாங்க: "ஒரு பேஷண்ட்டுக்கு எவ்வளவு தருவீங்க?" அப்போ எனக்கு ரெண்டு மாச வாடகை பாக்கி. ஆசை வரலைன்னு சொன்னா பொய். ரெஃபரலுக்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. விதியை விடுங்க, அந்தக் காசை நான் எங்கிருந்து எடுப்பேன்? 6 சிட்டிங் போதும்கிறவரிடம் 12 சொல்லித்தானே! எழுந்து வந்துட்டேன்.

எனக்கு ரெஃபரல் வந்தது, நான் ஒருவரை வெளியே அனுப்பியதால்தான். ஜிம்மில் வெயிட் தூக்கி முதுகுவலின்னு வந்தார். பேச்சுவாக்கில், ரெண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போச்சு, காலையிலிருந்து சிறுநீர் சரியா போகலைன்னார். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக்கொத்து நசுங்கினால் இப்படி வரும். 'காடா ஈக்வைனா' என்பார்கள். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். நான் கையே வைக்கலை. எப்போ ஆரம்பிச்சது, எந்தக் காலில் பலம் குறைவு, எங்கே உணர்ச்சி இல்லை என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன். மறுநாள் சர்ஜனே போன் பண்ணினார். அடுத்த மாதம் அவரிடமிருந்து முதல் பேஷண்ட் வந்தார்.

அதிலிருந்து, அனுப்பின டாக்டருக்கு ஒரு பக்கம் எழுதுவது என் வழக்கம். வந்தபோது முட்டி 70 டிகிரி மடங்கியது, இப்போ 105, படி இறங்க இன்னும் வலி. இவ்வளவுதான். பேஷண்ட் சம்மதத்தோடு, அந்த டாக்டருக்கு மட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் எக்ஸ்ரே போடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

டிரெய்னர்கள் 'பார்-க்யூ' படிவத்தில் தொடங்கலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் என்று போகும் 7 கேள்விகள்தான். ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும், அந்தத் தாளோடு டாக்டரைப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க. ஒரு அட்மிஷன் கைவிட்டுப் போகலாம், போகட்டும். "என்னென்ன பயிற்சி தரலாம், எதைத் தவிர்க்கணும்?" என்று தாளின் அடியில் எழுதி, உங்க போன் நம்பரையும் போடுங்க. சில டாக்டர்கள் பதில் எழுதுவாங்க.

அந்த ஒரு பக்கக் கடிதத்தை வரிவரியாக அடுத்த எபிசோடில் பார்ப்போம்.