பெயர் இருக்கிறதா, பாருங்கள்!

வளைகுடாவில் வேலை தயார். டிக்கெட் வாங்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் 'போலீஸ் கிளியரன்ஸ்' சான்றிதழ் வராமல் நின்றுவிடுகிறது. என்றோ நடந்த தெருச் சண்டை பற்றிய எஃப்.ஐ.ஆரில் பெயர் இருக்கிறதாம். சம்பந்தப்பட்டவருக்கே இது புதுச் செய்தி. யாருக்கும் நேரக்கூடிய சங்கடம்.

தன்னைப் பற்றிப் போலீஸ் பதிவேடுகளில் இருப்பதையெல்லாம் ஒரே ஆவணமாகக் கேட்டு வாங்கும் ஏற்பாடு இந்தியாவில் இல்லை. பாஸ்போர்ட் அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டிப் பெறும் சான்றிதழ், பாதகமான தகவல் எதுவும் இல்லை என்று மட்டுமே சொல்லும். இருந்தால்? விவரம் தேடி அலைய வேண்டியது நீங்கள்தான்.

இங்கேதான் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவு கைகொடுக்கிறது. எஃப்.ஐ.ஆரில் தன் பெயர் சேர்க்கப்பட்டிருப்பதாகச் சந்தேகிப்பவர், பிரதிநிதி மூலம் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் 24 மணி நேரத்தில் போலீஸ் நகல் தர வேண்டும். நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு வேலை நாட்கள். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை இணையதளத்திலும் வெளியிட வேண்டும்.

வழக்கில் விடுதலையானவர்களும் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பத்திரப்படுத்துவது நல்லது. பதிவேட்டில் வழக்கு ஏறும் வேகத்தில் விடுதலை ஏறுவதில்லை.