800 ரூபாய் ரிப்பேரா, புது ஜாக்கியா? லாரி ஓனர்கள் போட வேண்டிய கணக்கு



திருச்சிக்காரங்க யாரும் 2022 செப்டம்பரை மறந்திருக்க மாட்டீங்க. காவிரிப் பாலத்தை வேலைக்காக மூடினாங்க. 2023 மார்ச் வரைக்கும் ஸ்ரீரங்கத்துக்குச் சுத்திச் சுத்திப் போனோம். அங்க நடந்த முக்கியமான வேலை என்ன தெரியுமா? 1976-ல கட்டின பாலத்தோட மேல்தளத்தை ஹைட்ராலிக் ஜாக்கி வச்சுத் தூக்கி, தளத்துக்கும் தூணுக்கும் நடுவுல தேய்ஞ்சு போயிருந்த பேரிங்குகளை மாத்தினாங்க. விரிவு இணைப்புகளையும் மாத்தினாங்க. செலவு சுமார் 7 கோடி. பக்கத்துலயே புதுப் பாலம் கட்டுற திட்டத்துக்கு 100 கோடிக்கு மேல.

தேய்ஞ்ச பாகத்தை மட்டும் மாத்தறதா, மொத்தமா புதுசு வாங்கறதா? இதே கேள்வி உங்க லாரி சீட்டுக்குப் பின்னாடி கிடக்குற ஜாக்கிக்கும் உண்டு.

போன வருஷம் ஒரு கிளையண்ட் வந்தார். ஸ்ரீரங்கம் பக்கம், சொந்தமா ஒரே ஒரு வண்டி, வாழைத்தார் லோடு அடிக்கிறவர். வலது கையில கட்டு. "ஜாக்கி கொஞ்ச நாளாவே மெதுவா இறங்கிக்கிட்டு இருந்துச்சு தம்பி. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார். டயர் மாத்தும்போது வண்டி இறங்கி, ரெண்டு விரல் எலும்பு முறிவு. 23 நாள் வண்டி ஓட்ட முடியலை. ஆக்டிங் டிரைவருக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். மொத்தம் 27,600 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி.

ஜாக்கி ஏன் தானா இறங்குது?

பாட்டில் ஜாக்கிக்குள்ள இருக்கிறது எண்ணெயோட அழுத்தம்தான். கைப்பிடியை அடிக்கும்போது சின்ன பிளஞ்சர் எண்ணெயைத் தள்ளுது, பெரிய தண்டு மேல வருது. எண்ணெய் திரும்பி ஓடாம பிடிச்சு வைக்கிறது ரப்பர் சீல், ஓ-ரிங், வால்வுல இருக்குற சின்ன இரும்பு குண்டு. சீல் தேய்ஞ்சாலோ, வால்வுல தூசி உட்கார்ந்தாலோ எண்ணெய் கசியும், சுமை கீழ வரும்.

சீல், ஓ-ரிங், எண்ணெய் மூணும் மாத்தக்கூடியவை. ஆனா தண்டுல ஆழமான கீறல், வளைவு, அடிப்பாகத்துல விரிசல் இருந்தா ரிப்பேர் பேச்சே வேண்டாம். ஸ்க்ரூ ஜாக்கியா இருந்தா மரை தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. எண்ணெய் குறைஞ்சிருக்குன்னு பிரேக் ஆயிலை ஊத்தாதீங்க, பல ஜாக்கி சீல்கள் அதுல ஊறி உப்பிக் கெட்டுடும். ஹைட்ராலிக் ஆயில்தான் ஊத்தணும்.

இப்ப கணக்கு

ஒரு உதாரணம் சொல்றேன். உங்க கடை விலையை நீங்களே போட்டுக்கோங்க.

- ரிப்பேர்: 800 ரூபாய், 2 வருஷம் தாங்கும். வருஷத்துக்கு 400.
- புதுசு: 3,500 ரூபாய், 7 வருஷம் வரும். வருஷத்துக்கு 500.

பாத்தீங்களா, வித்தியாசம் வெறும் 100 ரூபாய். அதனால காசை வச்சு முடிவு பண்ணாதீங்க, தண்டோட நிலைமையை வச்சு முடிவு பண்ணுங்க. உண்மையில விலை அதிகமானது மூணாவது வழி: "அப்புறம் பாத்துக்கலாம்." நம்ம கிளையண்ட்டுக்கு அது 27,600 ரூபாய் ஆச்சு.

வரியில கழிக்கலாமா?

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க.

10 வண்டி வரைக்கும் வச்சிருக்குறவங்க அனுமான வருமான முறையில வரி கட்டலாம். பழைய சட்டத்துல இது 44ஏஇ. மொத்த எடை 12 டன்னுக்கு மேல போகாத வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய், அதாவது வருஷம் 90,000 லாபம்னு காட்டணும். அதைத் தாண்டின கனரக வண்டிக்கு டன்னுக்கு மாசம் 1,000. 16 டன் வண்டின்னா வருஷம் 1,92,000. இந்த முறையில டீசல், டயர், ரிப்பேர், தேய்மானம் எல்லாம் ஏற்கனவே கழிச்சதா அர்த்தம். ஜாக்கி பில்லைக் கொண்டு வந்து "இதைக் கழிச்சு விடுங்க சார்"னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மிச்சம் பிடிச்சாலும் உங்க காசு, வீணாப் போனாலும் உங்க காசு.

முறையா கணக்குப் புத்தகம் வைக்கிறவங்களுக்கு விதி வேற. இருக்குற சொத்தைப் பழைய நிலையில பராமரிக்கிற செலவு "நடப்புப் பழுது". அந்த வருஷமே முழுசா கழியும். புது சொத்து உருவானா அது மூலதனச் செலவு, தேய்மானம் மட்டும்தான். 2007-ல சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: தனியா இயங்கக்கூடிய ரிங் ஃபிரேமையே மாத்தினா அது நடப்புப் பழுது ஆகாது. இதை நம்ம கதைக்குப் பொருத்தினா, சீல் மாத்தினா பழுது, ஒர்க்‌ஷாப்புக்கு ஒன்றரை லட்சத்துல புது லிஃப்ட் வாங்கினா மூலதனம். 3,500 ரூபாய் ஜாக்கி மாதிரி சின்ன கருவிகளைப் பல நிறுவனங்கள் நேரடியா செலவுல எழுதிடுறாங்க. அது தொகையைப் பொறுத்த விஷயம், உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் அமல். பிரிவு எண்கள் மாறும், இந்த அடிப்படை மாறலை.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க

வண்டி பாலிசியோட வர்ற 15 லட்சம் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு, உயிரிழப்புக்கும் கை, கால், கண் இழப்பு மாதிரியான நிரந்தர ஊனத்துக்கும்தான். அதுவும் வண்டியில போகும்போது, ஏறும்போது, இறங்கும்போது நடந்தா. ஜாக்கி இறங்கி விரல் உடைஞ்சு 23 நாள் சும்மா உட்கார்ந்தா அதுல ஒரு பைசா வராது. நம்ம கிளையண்ட்டுக்கும் வரலை. தற்காலிக ஊனத்துக்கு வாராவாரம் பணம் தர்ற தனிநபர் விபத்து பாலிசி தனியா எடுக்கணும்.

இன்னிக்கே செய்ய வேண்டியது

1. சமதரையில, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை வச்சுட்டு ஜாக்கியில வண்டியைத் தூக்கிப் பத்து நிமிஷம் விடுங்க. கீழ வருதான்னு தள்ளி நின்னு பாருங்க.
2. நல்ல ஜாக்கியா இருந்தாலும் ஸ்டாண்டு கொடுக்காம வண்டிக்கு அடியில போகாதீங்க. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு இல்லை.
3. மாசம் ஒரு தொகையை "பராமரிப்பு"ன்னு தனி அக்கவுண்ட்ல ஒதுக்குங்க. 500 ரூபாய் போட்டாலே வருஷம் 6,000.

அந்த அண்ணன் இப்ப புது ஜாக்கி வாங்கிட்டார். பழைய தண்டுல கீறல் இருந்துச்சு. பில்லை என்கிட்ட நீட்டினார். "வரிக்கு உதவாது அண்ணே" என்றேன். "தெரியும் தம்பி, விரலுக்கு உதவுமே" என்றார்.

உங்க ஜாக்கி எந்த நிலைமையில இருக்குன்னு பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.