மரக்கோப்பையும் மருத்துவச் சோதனையும்

கண்டி மாநகரின் கிழக்கே, மகாவலி கங்கைக்கு அண்மையில் அமைந்தது பல்லேகல என்னும் எங்கள் ஊர். அதன் பெயரைக் கேட்டதும் இன்று பலருக்கும் கிரிக்கெட் அரங்கமே நினைவுக்கு வரும். எனக்கோ எங்கள் வீட்டு அடுக்களைத் தட்டில் இருக்கும் ஒரு மரக்கோப்பைதான் நினைவுக்கு வருகின்றது. 2014ஆம் ஆண்டில் அதனை நானே விலை கொடுத்து வாங்கி வந்து என் அன்னையாரின் கையிற் கொடுத்தேன்.

சிங்கள மக்கள் கோத்தல ஹிம்புட்டு என வழங்கும் கொடியின் கட்டையிலே கடைந்தெடுத்த கோப்பை அது. இவ்வினத்துச் செடிகளைத் தமிழ் வைத்தியர்கள் பொன்குரண்டி என்றும் கடலழிஞ்சில் என்றும் கூறுவர். இரவிலே கோப்பையில் நீரை ஊற்றி வைத்தால் விடியுமுன் அதன் நிறம் மாறியிருக்கும். அந்நீரை வெறுவயிற்றிற் பருகினால் நீரிழிவு தணியும் என்பது இந்நாட்டிலே தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை.

"அப்படியானால் இனி மாத்திரை வேண்டாமோ, தம்பி?" என்று அன்னையார் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் புன்னகை செய்தேன். அதனை அவர் சம்மதமாகவே கொண்டார். சில மாதங்களுக்குப் பின் அவருடைய காலில் உண்டான ஒரு சிறு புண் ஆறாமற் புரையோடிற்று. ஒரு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. நலம் விசாரிக்க வந்த அயல்வீட்டு முதிய வெதமாத்தயா என்னைத் தனியே அழைத்து, "மாத்திரையை நிறுத்தும்படி எந்த வைத்தியன் சொன்னான், மகன்?" என்று கேட்டார். சொன்னவர் எவருமில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லாது விட்டவன் நானே.

அந்த வெட்கம்தான் என்னை இவ்விஷயத்தைத் தேடிப் படிக்கச் செய்தது. நான் கோப்பை வாங்குவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, என் அன்னையார் கேட்ட கேள்விக்குரிய விடை அச்சிலே வந்திருந்தது!

ஜயவர்தன, டி அல்விஸ், ஹெத்திகொட, பெர்னாண்டோ என்னும் ஆய்வாளர் நால்வர் இக்கொடியைக் கொண்டு செய்த தேநீரை 51 நீரிழிவு நோயாளரிடம் சோதித்து, அதன் முடிவை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட முறை எளியது. ஆயினும் நேர்மை மிக்கது. மருந்துச் சரக்கு கொண்ட தேநீர்ப்பை ஒன்று. தோற்றத்தில் அதனை ஒத்த, மருந்தற்ற வெற்றுத் தேநீர்ப்பை மற்றொன்று. ஒரு சாராருக்கு முதல் மூன்று மாதம் மருந்துத் தேநீரும், அடுத்த மூன்று மாதம் வெற்றுத் தேநீரும் கொடுக்கப்பட்டன. மறுசாராருக்கு இந்த வரிசை மாற்றப்பட்டது. தாம் அருந்துவது எது என்பதை நோயாளர் அறியார். கொடுக்கும் வைத்தியரும் அறியார்.

ஏன் இந்த ஒளிவுமறைவு என்று வாசகர்கள் கேட்கலாம். நல்ல மருந்து உண்கிறோம் என்று நம்புகிறவன் சோற்றைக் குறைப்பான், காலாற நடப்பான். நோய் தணிந்தால், தணித்தது மருந்தா, நடையா, நம்பிக்கையா என்று எவ்வாறு அறிவது? வைத்தியரின் கண்ணும் தான் காண விரும்புவதையே காணும் இயல்புடையது. இருவர் கண்ணையும் கட்டிவிட்டால் எஞ்சுவது மருந்தின் செயல் ஒன்றே.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி நிலையைக் காட்டும் இரத்தச் சோதனையில், வெற்றுத் தேநீர் அருந்திய காலத்தில் 6.65 சதவீதமாக இருந்த அளவு, மருந்துத் தேநீர் அருந்திய காலத்தில் 6.29 ஆக இருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்த மாத்திரையின் அளவும் சற்றுக் குறைந்தது. ஈரலுக்கோ சிறுநீரகத்துக்கோ அக்காலத்துள் தீங்கு காணப்படவில்லை. மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் குடற்சுரப்பினைத் தடுக்கும் சலாசினோல் என்னும் பொருளை இக்கொடியின் வேரிலிருந்து 1997ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய அறிஞர் பிரித்தெடுத்திருந்தனர். ஆகவே முன்னோரின் நம்பிக்கை வெறுங்கதையன்று.

ஆனால் அந்தச் சோதனை கூறாதவற்றையும் நாம் கேட்டறிய வேண்டும். மாத்திரையின் தேவை குறைந்ததேயன்றி ஒழியவில்லை. சோதிக்கப்பட்டது அளவிட்ட தேநீரேயன்றி, இரவெல்லாம் நீர் ஊறும் கோப்பையன்று. சோதனைக்குட்பட்டவர் 51 பேர். காலம் ஆறே மாதம். நானோ இதில் ஒன்றையும் அறியாமல், கடைத்தெருப் பேச்சை நம்பி அன்னையாரின் காலைப் பணயம் வைத்தேன்.

இத்தகைய சோதனை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சீன மூலிகைகள் மேனாட்டிற்குச் சென்றபோதும் இதே கேள்வி எழுந்தது. சீன வைத்தியரின் கஷாயத்தால் கடுங்கரப்பான் தணிவதைக் கண்ட இலண்டன் மருத்துவர்கள் அதனைப் பழிக்கவுமில்லை, புகழவுமில்லை, சோதித்தார்கள். பத்து மூலிகைகள் சேர்ந்த கஷாயமும், அதைப் போன்ற வெற்றுக் கஷாயமும் 40 பேருக்கு மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. இறுதிவரை நின்றவர் 31 பேர். மெய்யான கஷாயமே நோயைத் தணித்தது என 1992இல் அறிவித்தனர்.

அடுத்த ஆண்டே பெல்ஜியத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. உடல் மெலிவதற்காக பிரசல்ஸ் நகரிற் சீன மூலிகை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்திருந்தன. சீனத்திலே ஒத்த பெயர் வழங்கும் இரு மூலிகைகளில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று கலந்துவிட்டதே அதற்குக் காரணம். அவ்வாறு கலந்தது, நம்மவர் அறிந்த ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. இவ்வாறு பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூறளவுக்கு உயர்ந்தது. பழமையானது என்பதாலும் இயற்கையானது என்பதாலும் மட்டும் ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வெதமாத்தயாவிடம் இவற்றையெல்லாம் ஒருநாள் எடுத்துச் சொன்னேன். அவர் சினங்கொள்வார் என்றே எண்ணினேன். அவரோ, "கட்டையைத் தட்டிப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும்தான் நானும் வாங்குகிறேன். நீர் சொல்வதும் ஒருவகைத் தட்டிப் பார்ப்பதுதானே?" என்றார்.

அன்னையார் இப்பொழுது மாத்திரைகளைத் தவறாமல் உண்கிறார். சற்றுக் காலை ஊன்றியே நடக்கிறார். கோப்பையை எறிந்துவிடலாமா என்று கேட்டேன். அவர் இசையவில்லை. மாத்திரை அட்டைகளை அதனுள்ளே இட்டுவைத்திருக்கிறார். வாசகர்களின் இல்லங்களிலும் இத்தகைய கோப்பை இருக்கக்கூடும். அதில் நீர் பருகுவதாயின் மருத்துவரிடம் அதனை மறையாது சொல்லுங்கள். "மாத்திரை வேண்டாமோ?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், என்னைப்போற் புன்னகை செய்து நின்றுவிடாதீர்கள்.