சீம்பாலும் நஞ்சுக்கொடியும்

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, கார்த்திகை மாதத்து மாலை நேரம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில், நோயுற்றிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு திரும்பிக் கொண்டிருந்தோம். மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரிசல் மண்ணின் இயல்பை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வண்டிச் சக்கரத்தில் அப்பிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக் கொண்டு நின்றபோது, எதிர் வீட்டார் எம்மைத் தொழுவத்திற்கு அழைத்தனர். அவர்களது பசு அன்று நண்பகலில் கன்று ஈன்றிருந்தது.

அழகிய கிடேரிக் கன்று. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஆனால் காதுகள் தொங்கிக் கிடந்தன. தாயின் மடி நிறைகுடம் போலப் புடைத்து, காம்பில் பால் கசிந்து கொண்டிருந்தது. கன்றையோ ஐந்தாறு அடி தள்ளி ஒரு முளையில் கட்டியிருந்தார்கள். அது தாயை நோக்கிக் கத்தவும் வலுவின்றிப் படுத்திருந்தது. "பால் குடித்ததா?" என்று வினவினோம். அவ்வீட்டுப் பெரிய அம்மாள், "கொடி இன்னும் விழலையே சாமி. கொடி விழுமுன்ன கன்ன ஊட்ட விட்டா, கொடி உள்ளயே தங்கிப் போகும்ல?" என்றார்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த தேநீரைப் பருகிவிட்டு விடைபெற்றோம். அந்த வார்த்தை எமக்குப் புதிதன்று. எம் சிறுவயதில் எம் வீட்டிலும் இதே வழக்கந்தான். ஈன்ற பசுவின் கொடி விழும்வரை கன்று பக்கத்தில் போகாமல் காவல் இருக்கும் வேலை எமக்குத் தரப்பட்டதுண்டு. அதைப் பெரிய பொறுப்பாக எண்ணிப் பெருமிதம் கொண்டதும் நினைவிருக்கிறது.

அன்று இரவு வெகு நேரங்கழித்துக் கொடி விழுந்ததாம். மறுநாள் விடிந்த பிறகே கன்று முதற்பாலைச் சுவைத்தது. நான்காம் நாள் வெள்ளையாய்க் கழியத் தொடங்கி, ஆறாம் நாள் இறந்தது. கூட்டுறவுக் கடனில் வாங்கிய பசு. கிடேரி பிறந்ததென்று ஒரு வீடே மகிழ்ந்திருந்த நேரம். பின்னர் கால்நடை மருத்துவர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தபோது இதனைக் கூறினோம். அவர் எம்மைப் பார்த்து, "நண்பகலில் பிறந்த கன்று மாலையில் பால் குடிக்காமல் இருந்ததைக் கண்டீர்கள். அப்போதாவது ஊட்ட விட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடும்" என்றார். அவரிடம் கேட்டவற்றையும், அதன்பின் தேடிப் படித்தவற்றையும் எழுதாமல் இருக்க எம்மால் இயலவில்லை.

மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே, நோயை எதிர்க்கும் ஆற்றலில் ஒரு பங்கினைத் தாயின் இரத்தத்திலிருந்து பெற்றுக் கொள்கிறது. பசுவின் கருப்பை அமைப்பு வேறு. தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து கன்றுக்குச் செல்வதில்லை. ஆகவே கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. தாய் தன் வாழ்நாளில் எதிர்த்து வென்ற நோய்களுக்கெல்லாம் உரிய எதிர்ப்புப் பொருள்களைச் சேர்த்து, மஞ்சள் நிறத்தில் பிசின் போலக் கெட்டியாக மடியில் வைத்திருக்கும் முதற்பாலே சீம்பால். தாய்ப்பால் வழியே நோய் எதிர்ப்பு குட்டிக்குச் செல்கிறது என்பதை, 1892-ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் பவுல் எர்லிக் சுண்டெலிகளைக் கொண்டு மெய்ப்பித்தார். ஒரு தாயின் குட்டிகளை மற்றொரு தாயிடம் மாற்றி விட்டுப் பார்த்த எளிய சோதனை அது. 1922-இல் அமெரிக்காவில் தியோபால்டு சுமித், ரால்ஃப் லிட்டில் என்ற இருவர் கன்றுகளிலேயே இதனைச் சோதித்தனர். சீம்பால் மறுக்கப்பட்ட கன்றுகளில் பெரும்பாலானவை சில நாள்களில் மாண்டன. சீம்பால் பருகியவை பிழைத்தன.

இதில் நம் மக்கள் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. பிறந்தவுடன் கன்றின் குடல், இந்த எதிர்ப்புப் பொருள்களை முழுமையாகவே இரத்தத்துக்குள் விடும் தன்மை கொண்டிருக்கிறது. ஆறு மணி நேரம் சென்றதும் இத்தன்மை குறையத் தொடங்குகிறது. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் கதவு அடைபட்டு விடுகிறது. அதன்பின் குடம் குடமாகச் சீம்பாலைப் புகட்டினாலும் அது உணவாகச் செரிக்குமே தவிரக் காவலாக இரத்தத்தில் சேராது. அந்தக் கிடேரி மறுநாள் காலையில் வயிறு நிறையக் குடித்தது உண்மைதான்.

கொடியைப் பற்றிய அச்சத்துக்கு வருவோம். நடப்பது நேர்மாறானது. கன்று காம்பை முட்டிச் சப்பும்போது தாயின் உடலில் ஒரு சுரப்பு நீர் எழுகிறது. பாலை இறக்குவது அதுவே. கருப்பையைச் சுருங்கச் செய்வதும் அதுவே. கருப்பை சுருங்கினால்தான் கொடி கழன்று விழும். ஆக, கொடி விழுவதற்காகக் கன்றை விலக்குகிறவர்கள், கொடியை விழச் செய்யும் துணையையே விலக்குகிறார்கள். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் கொடி விழுந்துவிடும். 24 மணி நேரம் ஆகியும் விழாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். கையால் இழுப்பதும், தொங்கும் கொடியில் கல்லையோ பழஞ்செருப்பையோ கட்டுவதும் கருப்பையைக் கிழித்துவிடும். விழுந்த கொடியைச் சாக்கில் பொதிந்து ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் பக்கத்து வழக்கம். அதில் நாம் குறை காணவில்லை. நாயும் பசுவும் அதைத் தின்னாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு வழிதான்.

இவ்வழக்கம் எப்படித் தோன்றியிருக்கும் என்று பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சிவகங்கைச் சீமையிலும் நம் பக்கத்திலும் கிடை மாடாகத் திரியும் புலிக்குளத்து மாடுகளைப் பாருங்கள். அவற்றைப் பாலுக்காக எவரும் வளர்ப்பதில்லை. வயல்களில் இரவு கிடை அமர்த்தி எருவுக்காகவும், உழவுக்கும் மஞ்சுவிரட்டுக்கும் உரிய காளைகளுக்காகவும் வளர்க்கிறார்கள். வெட்ட வெளியில் நள்ளிரவில் பசு ஈனும்; கீதாரி எழுந்து பார்க்குமுன் கன்று எழுந்து குடித்திருக்கும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் பெருமந்தைகளிலும் கன்று தாயோடுதான் திரிகிறது. கட்டுத்தறியில் ஒற்றைப் பசுவை வைத்துக் கறந்து குடிக்கும் வீட்டில்தான் கன்றுக்கும் மடிக்கும் இடையே மனிதன் நிற்கிறான். 1970-இல் தொடங்கிய பால் பெருக்குத் திட்டத்துக்குப் பின் கலப்பினப் பசுக்கள் நம் ஊர்களிலும் பெருகின. பசு மாறியது, பாட்டி சொன்ன விதி மட்டும் மாறவில்லை.

கடும்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீம்பாலைக் கருப்பட்டியும் ஏலக்காயும் இட்டுக் காய்ச்சி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பும் பழக்கத்தை விடச் சொன்னால் எம்மை யாரும் ஊருக்குள் விடமாட்டார்கள். விடவும் வேண்டா. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளில் அதன் வயிற்றுக்குள் போக வேண்டும். 20 கிலோ உள்ள நாட்டுக் கன்றுக்கு 2 லிட்டர். 30 கிலோ உள்ள கலப்பினக் கன்றுக்கு 3 லிட்டர். இதில் பாதியளவாவது பிறந்த 2 மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவது நம்முடையது. எழுந்து நிற்க முடியாத கன்றுக்குக் கறந்த சூட்டிலேயே பால்புட்டியில் புகட்டலாம். காய்ச்சினால் திரிந்துவிடும். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் சென்று கன்று மூச்சுத் திணறும்.

கன்றின் காவல் அது பிறக்கும் நாளில் தொடங்குவதன்று. பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதமும் சில நாள்களும். கடைசி இரண்டு மாதங்கள் பாலை வற்றச் செய்துவிட வேண்டும். சீம்பால் ஊறுவது அப்போதுதான். ஈனும் நாள்வரை ஒரு படி பால் கறந்து விற்கும் வீடுகளை நாம் அறிவோம். வறுமை அவர்களை அவ்வாறு செய்விக்கிறது. ஆயினும் கணக்கு நட்டத்தில்தான் முடிகிறது. நம் வானம் பார்த்த பூமியில் மற்றோர் இடரும் உண்டு. சித்திரை, வைகாசியில் ஈனும் பசு, மாதக்கணக்கில் காய்ந்த சோளத்தட்டையையும் வைக்கோலையும் மட்டுமே தின்றிருக்கும். பச்சை காணாத தாய்க்கு வைட்டமின் ஏ குறைந்து, கன்று நோஞ்சானாகவோ கண்பார்வை இன்றியோ பிறப்பதுண்டு. கிணற்றடியில் பத்து அகத்தியும் சூபாபுல்லும் நின்றால், நாளும் ஒரு கைப்பிடித் தழையாவது போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஈனும் பசுவுக்குப் பச்சை உண்டு. அங்கே பகை ஈரமும் சேறும்.

ஈனும் நேரத்தில் பனிக்குடம் உடைந்தபின் இரு முன்னங்கால்களும் அவற்றின்மேல் மூக்கும் வருவதே முறையான வரவு. நன்றாக முக்கியும் 2 மணி நேரத்தில் கன்று வெளிவராவிட்டால், ஊரார் கூடி இழுக்காமல் மருத்துவரை அழையுங்கள். இப்போது 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்கும் வசதியும் இருக்கிறது. பிறந்த கன்றின் வாய், மூக்கிலுள்ள சளியைத் துடைத்து, தாய் நக்கும்படி முன்னே விடுங்கள். தாய் நக்காவிட்டால் வைக்கோலால் அழுந்தத் தேய்த்து விடலாம்; மூச்சுவிடத் தயங்கினால் மூக்குத் துளையில் ஒரு வைக்கோல் தாளை நுழைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டினால் தும்மி மூச்செடுக்கும். தொப்புள்கொடியின் மீது சாணமும் சாம்பலும் பூசும் கையைத் தடுக்க வேண்டும். அந்த ஈரக் கொடி வழியேதான் கிருமிகள் உடலுக்குள் ஏறி, சில நாள்களில் முழங்கால் வீங்கிக் கன்று நொண்டுகிறது. ஒரு சிறு கிண்ணத்தில் டிங்சர் அயோடின் ஊற்றிக் கொடியை அதில் முக்கி எடுத்தால் போதும்.

கழிச்சல் வந்த கன்றுக்குப் பாலை நிறுத்துவது இரண்டாம் பிழை. கன்று பெரும்பாலும் சாவது உடலின் நீரும் உப்பும் வற்றிப் போவதாலேதான். 1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, எல்லையிலிருந்த பாங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. மருத்துவர் திலீப் மகாலனபிஸ், ஊசி வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை மக்களைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது. அதே முறைதான் கன்றுக்கும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கரைத்து, பாலூட்டும் வேளைகளுக்கு நடுவே கொடுத்துக் கொண்டிருங்கள். மருத்துவர் வரும்வரை உயிர் தங்கும். கழியும் கன்றைப் புதிதாய்ப் பிறந்த கன்றோடு ஒரே இடத்தில் கட்டக் கூடாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணற்குன்றுப் பகுதியில், இன்னும் ஈனாத பசுக்களை மட்டும் புதுப்புது மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச் சென்றுவிடுகிறார்கள். மூத்த கன்றின் கழிச்சல் இளைய கன்றை எட்டாதிருக்க அவர்கள் கண்ட வழி அது. நம் கிடை மாட்டுக்காரர் எருவுக்காக இடம் மாற்றுகிறார். பயன் அவருக்கும் ஓரளவு கிட்டத்தான் செய்யும். தொழுவம் ஒன்றே உடையவர்கள், ஈனும் பசுவுக்கு மேட்டில் காய்ந்த இடமாகப் பார்த்து உலர்ந்த வைக்கோல் பரப்பிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தாய்ப்பால் வழியாகவே குடற்புழுவும் கன்றுக்கு வருவதால், இரண்டாவது வாரத்தில் புழுநீக்க மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

காளைக் கன்று பிறந்தால் இத்தனையும் செய்வோர் எத்தனை பேர்? ஏர்மாடு குறைந்துவிட்ட இந்நாளில் அதற்கு விலையில்லை என்று அரைவயிற்றுக்கு விட்டு, அது தானே சாகும்வரை பார்த்திருக்கும் வீடுகளும் உண்டு. பிறகு அதன் தோலை உரித்து வைக்கோல் அடைத்துத் தாயின்முன் நிறுத்திக் கறக்கிறார்கள். அத்தோற்கன்றை அந்தத் தாய் நக்கிக் கொண்டே பால் சுரப்பதை நாம் கண்டிருக்கிறோம். இதற்குமேல் அதனைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

சென்ற தை மாதத்தில் அதே வீட்டுப் பசு மீண்டும் ஈன்றது. விடியற்காலை வேளை. செய்தி வந்ததும் இம்முறை நேரே தொழுவத்திற்குச் சென்றோம். பெரிய அம்மாள் முகத்தில் அச்சம் தீர்ந்தபாடில்லை. "ஒங்க பேச்சக் கேட்டுத்தான் விடுதேன் சாமி" என்று சொல்லிக்கொண்டே கன்றை அவிழ்த்துவிட்டார். அது நான்கு முறை தடுக்கி விழுந்து, ஐந்தாம் முறை காம்பைப் பற்றியது. முற்பகலிலேயே கொடி விழுந்துவிட்டது. இதுவும் காளைக் கன்றுதான். இப்போது தொழுவத்தில் கயிற்றை அறுத்துக் கொண்டு ஓடுகிறது. அடுத்த வீட்டார் மட்டும், இந்தத் தடவை கடும்பு அரைக் கிண்ணந்தான் வந்தது என்று எம்மிடமே குறைபட்டுக் கொண்டனர்.