வலி தெரியாத காலுக்குக் கம்ப்யூட்டர் கணக்கு!

செருப்பில் சிறு கல் புகுந்துவிட்டால் என்ன செய்கிறோம்? இரண்டடி வைப்பதற்குள் நின்று, அதை உதறிவிட்டுத்தான் மேலே நடக்கிறோம். நம்மை நிறுத்துவது வலி. வலி ஒரு காவல்காரன்.

அந்தக் காவல்காரன் இல்லாத கால்களும் உண்டு. தொழுநோயோ நீரிழிவோ நரம்பைத் தாக்கிவிட்டால் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. எலும்பு முறிந்தாலும் நடந்துகொண்டே இருப்பார்கள். புண் முற்றி, கடைசியில் காலையே எடுக்க நேர்வதும் உண்டு.

வேலூர் காட்டிய வழி

தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்றுதான் ஒரு காலத்தில் உலகம் நம்பியது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அப்படியல்ல என்றார். உணர்ச்சியற்ற இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் காயமுமே புண்ணுக்குக் காரணம் என்று காட்டினார். 1955-ல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. மருந்தோடு செருப்பும் சிகிச்சையாயிற்று.

அந்தச் செருப்பில் காலைத் தாங்குவது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். அதன் அடியில் முள் ஊடுருவாத கெட்டி ரப்பர். மேலே தோல் வார். ஆணி மட்டும் கூடாது, பசையும் தையலும்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிலாளிகளுக்கு இது புதிதல்ல. எந்தச் செருப்பும் பல பொருள்களின் கூட்டுத்தானே! ஆனால், எவ்வளவு மெத்தென்று இருக்கவேண்டும்? கால் சொல்லாது. காலுக்குள் எட்டிப் பார்க்கவும் முடியாது.

எண்ணால் கட்டிய பாதம்

இங்கேதான் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ஜேக்கப்பும் பாட்டீலும் முப்பரிமாணப் பாதம் ஒன்றைக் கணக்கிலேயே உருவாக்கி, 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

செங்கல் செங்கலாக வீடு கட்டுவதுபோல், பாதத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு துண்டும் என்ன பொருள் என்று சொல்லவேண்டும். இது எலும்பு, இது குருத்தெலும்பு, இது எலும்புகளைப் பிணைக்கும் நாண். ஒவ்வொன்றின் விறைப்புக்கும் ஓர் எண். எலும்போ சதையைவிடப் பல ஆயிரம் மடங்கு விறைப்பானது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் கிடைப்பது பாதமல்ல, மரக்கால்!

குதிகால் ஊன்றும்போதும், முழுப் பாதம் பதியும்போதும், முன்பாதத்தால் உந்தும்போதும் எங்கே எவ்வளவு அழுத்தம் என்று கணக்கிட்டார்கள். தசை செயலிழந்த தொழுநோய்ப் பாதத்தில், உந்தும் நேரத்தில் கணுக்காலை ஒட்டிய எலும்புகளில் அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. நோயாளிகளின் காலில் சிதைந்துபோவதும் அந்த எலும்புகளே!

இதே முறையில் செருப்பின் அடுக்குகளையும் சேர்த்துக் கணக்கிடலாம். ரப்பர் கடினமானால் பாரம் ஓரிடத்தில் குவியும். மிகவும் மிருதுவானால் நசுங்கித் தட்டையாகி, இருந்தும் இல்லாததாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள அளவை, தோலை வெட்டுமுன்பே தேடலாம்.

தொழுநோய் இன்று பெரிதும் குறைந்துவிட்டது, நீரிழிவு பெருகிவிட்டது. ஆகவே இந்தச் செருப்பின் தேவை குறையவில்லை.

எனினும் கம்ப்யூட்டர் அறிந்தது தனக்குச் சொல்லப்பட்ட பாதத்தை மட்டுமே. உங்கள் பாதத்தை நீங்கள்தான் பார்க்கவேண்டும். நீரிழிவுக்காரர்கள் தினமும் இரவில் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. செருப்பை மாட்டுமுன் உள்ளே ஒருமுறை கைவிட்டுப் பார்ப்பதும் நல்லது. காசு செலவில்லாத வைத்தியம் இது!